தோள் உயரத்துத் தண்ணீர்

தரம் பதினொன்றுக்குத் திரிகோண கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலியின் பக்கப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. பாட நேரத்தில் நான் அதை எடுப்பதில்லை. ஆனால் புஷ்பமக்காவும் பாட நேரத்தில் அழைப்பவர் அல்லர்.

“மாஸ்டர், இவர் மோசம் போயிட்டார்” என்றார். குரல் நிதானமாக இருந்தது. “காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவர். நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கெண்டார். நான் கதிரையைத் திருப்பிக்கொண்டு வாறதுக்கிடையில எல்லாம் முடிஞ்சுது.”

அவரே தொடர்ந்தார். “பாடத்தை முடிச்சிட்டு வாங்கோ. நீங்கள் வகுப்பைப் பாதியில விட்டிட்டு வந்தா அவருக்குப் பிடியாது.”

பாடத்தை முடித்துவிட்டுத்தான் போனேன்.

அரசண்ணையை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஸ்கந்தபுரம் திருநாவுக்கரசு என்றால் உங்களில் சிலருக்கு யாரென்று தெரியாமலிருக்கலாம். அரசண்ணை என்றால் தெரியும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் பலரின் குளியலறையில் அவருடைய கைவேலை நிற்கிறது. நீங்கள் அதைப் பற்றி வெளியில் பேசியிருக்க மாட்டீர்கள். நானும் நெடுங்காலம் பேசியதில்லை.

அவர் நீர்ப்பாசனப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி புஷ்பமக்கா தையல் ஆசிரியை. கடைசிச் சண்டையில் ஷெல் துண்டு ஒன்று அக்காவின் முள்ளந்தண்டில் ஏறியது. எனக்கும் அப்படித்தான். எங்களால் நடக்க முடியாது என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். மலம் எப்போது போகும் என்பது எங்களுக்கே தெரியாது. அந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத உடம்பு முன்கூட்டி எதையும் சொல்லாது. முதலில் மணம் வரும். அதற்குப் பிறகுதான் நமக்கு விசயம் புரியும்.

நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய முதல் தவணையில் வகுப்பறையிலேயே எனக்கு அது நடந்தது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. புஷ்பமக்காவோ எங்காவது போக வேண்டுமென்றால் முதல்நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவார். கோயிலுக்குப் போனாலும் பட்டினி, கிளினிக்குக்குப் போனாலும் பட்டினி.

ஒருநாள் கிளினிக்கில் ஒரு டொக்டர் எங்களைக் கூட்டி வைத்து ஒரு முறையைப் பற்றிச் சொன்னார். இளஞ்சூட்டு நீரைப் பெருங்குடலுக்குள் மெதுவாக விட்டு, கொமோட்டில் இருந்து, அதைக் கழுவி வெளியேற்றுவது. ஒழுங்காகச் செய்தால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வரைக்கும் பயமில்லாமல் இருக்கலாம். வெளிநாடுகளில் இதற்கென்று உபகரணம் இருக்கிறது, இங்கே வாங்குவது கடினம் என்றார். நாங்கள் தலையாட்டினோம். அரசண்ணை மட்டும் கையை உயர்த்தினார்.

“டொக்டர், தண்ணி என்ன உயரத்தில இருந்து வரவேணும்?”

டொக்டர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, “அதைத்தான் முதல் கேக்கவேணும். நீங்கள் இருங்கோ, கதைப்பம்” என்றார். அன்று கிளினிக் முடிந்து மற்றவர்கள் போன பிறகும், அக்காவும் நானும் காத்திருக்க, இருவரும் ஒரு கடதாசியில் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகிற மென்மையான சிலிக்கோன் கூம்பும் ரியூப்பும் ஆஸ்பத்திரித் தரத்தில் உள்ளவையாகத்தான் இருக்க வேண்டும், அதில் கைவைக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். மற்றதெல்லாம் அரசண்ணையின் பொறுப்பு.

வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னார்: “மாஸ்டர், தண்ணிக்குத் தெரிஞ்சது உயரம் ஒண்டுதான். மேல வைச்சா அவசரப்படும். கீழ வைச்சா யோசிக்கும். வயலுக்கு விட்டாலும் வயித்துக்கு விட்டாலும் அதுக்கு ஒண்டுதான்.”

முதல் வடிவம் ஒரு முக்காலியின் மேல் பெரிய பிளாஸ்டிக் வாளி. அது குளியலறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. புஷ்பமக்கா கதவடியில் நாற்காலியை நிறுத்தி அதை அண்ணாந்து பார்த்தார்.

“இது என்ன, எனக்கு அபிஷேகமோ?”

அரசண்ணை அதைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டாவது வடிவத்தில் வாளிக்குப் பதிலாகத் தண்ணீர்ப்பை வந்தது, வெல்டிங் கடைக்காரர் ஒருவர் ஒட்டித் தந்த, பையைச் சுவரில் ஏற்றி இறக்கக் கூடிய தண்டு வந்தது. ஆனால் திருகுகிற வால்வு நிலத்தோடு இருந்தது. குனிந்தால் விழுந்துவிடுவேன் என்றார் அக்கா.

“நீர் ஏன் குனியிறீர்? நான் பக்கத்தில நிண்டு திறந்து விடுவன்தானே” என்றார் அரசண்ணை.

“இஞ்சாருங்கோ, இத்தனை வருசமா எல்லாத்துக்கும் நீங்கள் பக்கத்தில நிண்டாச்சு. இதுக்கு நீங்கள் நிக்கக் கூடாது. கதவைச் சாத்திப்போட்டு நான் தனிய இருக்கவேணும். நீங்கள் விறாந்தையில இருந்து பேப்பர் வாசிக்கவேணும். அப்பிடி ஒண்டு செய்து தாங்கோ.”

அரசண்ணையின் முகம் வாடியதை நான் கண்டேன். தன் கைகளால் அக்காவைப் பார்த்துக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. தாடியைச் சொறிந்தார். பிறகு, “ஓம். அதுதான் சரியான டிசைன்” என்றார். அன்றிலிருந்து வடிவமைப்பில் கடைசி வார்த்தை அக்காவுடையது. வால்வு இருக்கையின் கைப்பிடிக்கு ஏறியது. விரலில் பலமில்லாதவர்கள் மணிக்கட்டால் தட்டித் திறக்கவும் மூடவும் அதற்கு நீளமான பிடி வந்தது. ரியூப்பைக் கொழுவி வைக்க ஒரு கொளுக்கி, நீரின் சூட்டைப் பார்க்க ஒரு வெப்பமானி, கையை நீட்டினால் எட்டுகிற தட்டு. ஒவ்வொன்றையும் அக்கா இருந்து பார்த்து, வேண்டாம் என்று சொல்லி, திரும்பச் செய்வித்தார்.

இருக்கைக்கு மெத்தை வேண்டியிருந்தது. கடினமான கொமோட்டில் கனநேரம் இருந்தால் எங்களுக்குப் படுக்கைப்புண் வந்துவிடும். வவுனியாவில் மோட்டார்சைக்கிள் சீற் தைக்கிற ரசாக் நானாவிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார் அரசண்ணை. நடுவில் ஓட்டையும் பக்கத்தில் கை நுழைய ஒரு வெட்டும் உள்ள பலகையைப் பார்த்துவிட்டு நானா கேட்டார்: “இது எந்த பைக்குக்கு?”

“இது ஓடாத பைக், நானா. ஆனா ஆக்களை ஊர் சுத்த வைக்கும்.”

விசயத்தை ஒளிக்காமல் விளக்கினார். கடையில் இன்னும் இருவர் நின்றார்கள். எனக்குக் காது சூடானது. நானா சிரிக்கவில்லை. தன் வாப்பா கடைசிக் காலத்தில் பட்ட பாட்டைச் சொன்னார். பிறகு ஓட்டையின் விளிம்பை விரலால் தடவி, “தையல் மேல வந்தா தோலை அறுக்கும். நான் அடியில கொண்டுபோய் முடிக்கிறன்” என்றார். அந்தத் தையல் இன்றுவரை அடியில்தான் இருக்கிறது.

இனி அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு மூட்டுகிற சம்பவம். எல்லாம் பூட்டி முடிந்த பிறகு அரசண்ணை, முதலில் தான்தான் போட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னார். எங்களுக்குக் கூம்பு எடுத்துத் தந்த தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுபவர், அன்று வீட்டுக்கு வந்திருந்தார்.

“அண்ணை, உங்களுக்கு இது என்னத்துக்கு? உங்களுக்கு எல்லாம் ஒழுங்காத்தானே போகுது.”

“மிஸ்ஸி, இவவுக்கு உணர்வில்லை. தண்ணி கூடினாலும் நோகுது எண்டு இவவால சொல்ல ஏலாது. மாஸ்டராலயும் ஏலாது. எனக்கு நோகும். அப்ப நான்தானே சொல்லவேணும்.”

மிஸ்ஸி எப்படிச் செய்ய வேண்டும் என்பதை ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டுக் அடுப்படிக்குள் வந்து என்னோடு இருந்தார். குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. வெளியே நாற்காலியில் இருந்தபடி புஷ்பமக்கா விசாரணை நடத்தினார்.

“இப்ப எங்க வைச்சிருக்கிறியள்?”

“இடுப்படியில.”

“என்ன மாதிரி?”

“ஒண்டும் வரேல்லை. தண்ணி யோசிக்குது.”

“இப்ப?”

“தலைக்கு மேல.” உள்ளே தண்டு கிறீச்சிட்டது. “ஐயோ, வயித்தைப் பிடிச்சு முறுக்குது. இறக்கிறன், இறக்கிறன்.”

“நிப்பாட்டுங்கோ, காணும்.”

“இல்லையில்லை. இப்ப தோளடியில.” தண்டு மறுபடி கிறீச்சிட்டது. “புஷ்பம், இது நல்லாயிருக்கு. இளஞ்சூடா, சுகமா இருக்கு.”

மிஸ்ஸி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. கனநேரம் கழித்து அரசண்ணை வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்து, குளம் திறந்துவிட்டு வந்த உத்தியோகத்தரைப் போல அறிவித்தார்: “இருக்கிற ஆளின்ர தோள் உயரம். அதுக்கு மேல ஒரு விரற்கடையும் கூடாது.” தண்டில் அந்த உயரத்துக்கு மேலே பை ஏறாதபடி ஓர் ஆணியை இறுக்கிவிட்டார். டொக்டரும் அதைப் பார்த்துச் சரியென்றார்.

பிறகு அக்காவின் முறை வந்தது. அரசண்ணை விறாந்தையில் இருந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் சொல்லத்தான் வேண்டும். உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் இரண்டு தரம் எழும்பினார். இரண்டு தரமும் நான் கையைப் பிடித்து இருத்தினேன். கடைசியில் கதவு திறந்தது. அக்கா தலைமுடியைக்கூடச் சீராக முடிந்துகொண்டு வந்தார். “பேப்பரில என்ன விசேசம்?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

அந்த ஆவணியில் அக்காவின் தங்கை மகளுக்கு வவுனியாவில் கலியாணம். அக்கா கூறைச்சேலைக்கு நிகரான ஒரு பச்சைப் பட்டுச் சேலை உடுத்து வானில் ஏறினார். காலையில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு ஏறினார் என்பதுதான் செய்தி. மண்டபத்தில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம் எல்லாம் கேட்டு வாங்கினார். பாயசம் இரண்டாம் தரம் வந்தபோதும் கோப்பையை நீட்டினார். பக்கத்தில் இருந்த அரசண்ணை தன் இலையைத் தொடவேயில்லை. மனைவி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் என்னைப் பாக்கிறியள், மாப்பிளை பொம்பிளையைப் பாருங்கோ” என்று அக்கா அதட்டினார். அவர் பார்வையை எடுக்கவில்லை.

எனக்கு ஒன்று செய்து பூட்டிய பிறகும் நான் பள்ளிக்கூடம் போகப் பயந்தேன். வீட்டில் எல்லாம் சரியாக நடந்தது. ஆனாலும் விடுப்பை நீட்டிக்கத்தான் எழுதிக் கொடுத்தேன். அரசண்ணை வற்புறுத்தவில்லை. நான் போகிறேன் என்று நானாகச் சொன்ன அன்று, அவர் மோட்டார்சைக்கிளில் வந்து பள்ளிக்கூட வாசலில் இருந்தார். மடியில் ஒரு துணிப்பை. நான்கு பாடம் நடத்தினேன். இடைவேளையில் பிள்ளைகளோடு கதைத்தேன். மணியடித்து வெளியே வந்தபோது அவர் பையைத் திறந்து காட்டினார். உள்ளே மடித்து வைத்த ஒரு காற்சட்டையும் ஒரு துவாயும்.

“உங்கட அளவுதான். புஷ்பம் தைச்சது. வீணாப் போச்சு” என்றார். அவ்வளவு சந்தோசமாக ஒருவர் ஒன்றை வீணாகிவிட்டதென்று சொல்லி நான் கேட்டதில்லை.

கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவர் உடனே செய்து கொடுத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டொக்டர் பார்க்காமல் ஒருவருக்கும் பூட்ட மாட்டார். மல்லாவியிலிருந்து வந்த ஒருவர் இதற்காகக் கோபித்துக்கொண்டார். அரசண்ணை கோபிக்கவில்லை, தானே ஓட்டோ பிடித்து அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அவருடைய குடலில் புண் இருப்பதைக் கண்டுபிடித்த டொக்டர், இது இவருக்கு ஆகாது என்றார். திரும்பி வரும்போது அரசண்ணை, “தண்ணிதான் ஏலாது. இருக்கிறதுக்கு நல்ல கதிரை செய்யலாம்தானே” என்று சொல்லி, அவருக்கென்று ஒரு கொமோட் கதிரையைச் செய்து கொடுத்தார். அரசண்ணையின் செத்தவீட்டில் முதலில் அழுதவர் அந்த மல்லாவிக்காரர்தான்.

செத்தவீட்டில் அஞ்சலி உரைகள் நடந்தன. பேசியவர்கள் அவரைச் சமூக சேவையாளர் என்றார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு அளப்பரிய பணி செய்தவர் என்றார்கள். என்ன பணி என்று எவரும் சொல்லவில்லை. மூன்றாமவரும் அப்படியே முடித்தபோது புஷ்பமக்கா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ. அவர் என்ன செய்தவர் எண்டு வடிவாச் சொல்லுங்கோ.”

நான் ஒலிவாங்கியை வாங்கினேன். அரசண்ணை நாங்கள் மலம் கழிப்பதற்கு ஒரு கருவி செய்தார் என்று தொடங்கினேன். சனம் அசையாமல் நின்றது. அவர் தன் வயிற்றில் போட்டுப் பார்த்த கதைக்கு வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. அழுதுகொண்டிருந்த மிஸ்ஸியும் சிரித்தார். புஷ்பமக்கா அரசண்ணையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். அப்படி ஒரு செத்தவீடு எங்கள் பக்கத்தில் நடந்ததில்லை.

எட்டுச் சடங்கு முடிந்த பிறகு முல்லைத்தீவிலிருந்து ஓர் இளம்பெண் அரசண்ணையின் தொலைபேசிக்கு அழைத்தாள்; நான் எடுத்தேன். கிணற்றில் விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டவள். டொக்டர் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டாராம். மரணச் செய்தி அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதும் மெதுவாக, “அப்ப இனி ஒருத்தரும் செய்ய மாட்டினம் என்ன” என்றாள். புஷ்பமக்காவும் நானும் வெல்டிங் கடைக்காரரும் செய்வோம் என்றேன்.

அரசண்ணை புதிதாக வருகிறவர்களிடம் உடம்பு வருத்தத்தைப் பற்றி முதலில் விசாரிக்க மாட்டார். அளவு எடுக்க முன்னம் ஒரு கேள்வி கேட்பார். எனக்குத் தெரியாமலே அது என் வாயில் வந்தது.

“பிள்ளை, உமக்கு எங்க போகவேணும்?”

அவள் சொன்னாள்: “கடற்கரைக்கு, சேர். எங்கட வீட்டில இருந்தா அலைச் சத்தம் கேக்கும். பாத்து எவ்வளவோ காலம்.”

“சரி. அப்ப அதுக்கு ஏத்த மாதிரிச் செய்வம்” என்றேன்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தக் கேள்வியைத்தான்.