கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலமெல்லாம் என் பத்து விரலும் கறுப்பாகத்தான் இருந்தன. தேயிலைக் கறை அப்படி. எலுமிச்சைத் தோலைப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் போய் ஒளிந்துகொள்ளும். லயத்து வரிசை வீடுகளில் எல்லாப் பெண்களுக்கும் அதே கை என்பதால், யாரும் யார் விரலையும் உற்றுப் பார்த்ததில்லை.

பதுளையில் துணிக்கடை வேலைக்கு வந்த பிறகுதான் கை வெளுத்தது. சேலை விரித்துக் காட்டுகிற கையாயிற்றே, எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம். ஒன்பது நகம் பளிச்சென்று ஆகிவிட, வலது கட்டைவிரலில் மட்டும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கறுப்புக் கோடு நின்றது. பிடிவாதக் கறை என்று நினைத்து பிரஷால் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன்.

"நீ தோட்டத்த விட்டாலும் தோட்டம் ஒன்ன விடாது போல" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நகத்தை வெட்ட வெட்ட, கோடு அடியிலிருந்து மறுபடி வந்துகொண்டே இருந்தது. நகச்சாயம் பூசி மறைத்தேன். கடைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பார்க்கப் பயந்தது நான்தான்.

சாயத்தை அழித்த ஒரு நாள் கோடு தடித்துவிட்டது போலிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கறைனா நகம் வளர வளர நுனிக்குப் போய் வெட்டுப்பட்டுரும்மா. இது வேர்லருந்தே வருது. மச்சம் மாதிரி நகத்துக்குள்ளயும் வரும். அநேகமா பயப்பட ஒண்ணும் இருக்காது. ஆனா ஒரே விரல்ல புதுசா வந்து, தடிக்கவும் செய்யுது. புற்றுநோய் இல்லைன்னு உறுதியாகணும், துளி சதை எடுத்துச் சோதிச்சிருவோம்."

அந்த 'அநேகமா' என்னைத் தூங்கவிடவில்லை. கட்டுப் போட்ட விரலோடு சேலை மடிக்கும்போதெல்லாம், இனி எத்தனை தீபாவளிக்கு மடிப்பேனோ என்று நினைப்பு ஓடும்.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன். "மாசம் ஒருக்கா போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க. கோடு இன்னும் தடிச்சாலோ, பக்கத்துத் தோல்ல கறுப்பு ஏறினாலோ ஒடனே வாங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அது உறைத்தது. தோட்டத்திலேயே இருந்திருந்தால் இந்தக் கோடு என் கண்ணில் பட்டிருக்காது. அக்கா இன்னும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சையும் பிரஷும் எடுத்துக்கொண்டு மடுல்சீமைக்குப் போனேன். தண்ணீர் கொட்டும் பீலியடியில் அக்காவை உட்காரவைத்து அவள் விரலைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"ஏன்டி, எனக்கென்ன கல்யாணமா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் மற்றக் கையையும் நீட்டினாள். நான் தேய்த்தேன், தண்ணீர் ஊற்றினேன், மறுபடி தேய்த்தேன். கறை அசையவில்லை.

"இது முழுசா போகணும்னா?"

"நகம் வளர்ந்து மாறணும்க்கா. மாசக்கணக்கில கொழுந்துக்குப் போகாம இருக்கணும்."

"நாளைக்கு வெடியுமுன்ன பெரட்டுல நின்னு வேலைக்குப் பேரு கொடுக்கணும்டி" என்றாள். பிறகு ஈரக் கைகள் இரண்டையும் என் முகத்துக்கு நேராக விரித்தாள்.

"நீயே பாத்துச் சொல்லு. இதுல எது கறை?"

பத்து நகமும் கறுப்பாக இருந்தன. டாக்டர் பார்த்த மாதிரி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்; அடியில் கோடு இருந்தாலும் கறை அதைக் காட்டவில்லை.