ஃபார்ம் அக்கா வாங்கிய நினைவுப் பரிசு

ஆலோசனை உளவியல் துறையில் எல்லோரும் பிறர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதில் பட்டம் வாங்கியவர்கள். அதனாலோ என்னவோ, அழுகை முட்டிக்கொண்டு வரும் மாணவர்கள் நேராக அலுவலக உதவியாளரின் மேசைக்குத்தான் வருவார்கள். "அக்கா, ஒரு ஃபார்ம் வேணும்" என்று தொடங்குவார்கள். அரைமணி கழித்து மூக்கைச் சிந்தியபடி எழுந்து போகும்போது ஃபார்மை மறந்துவிடுவார்கள். அவருக்கு ஃபார்ம் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நாற்பத்தாறாவது வயதில் அவர் அதே துறையில் பகுதிநேரமாக முதுகலை சேர்ந்தார். துறைத்தலைவர் பெரிய மனது பண்ணிச் சிரித்தார்.

"நல்ல விஷயம்மா. ஆனா டைப்பிங் வேலை தேங்கக் கூடாது."

லாரி மெக்கானிக்கான கணவர், "நீ படி, சமையலை நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்னபடி சமைக்கவும் செய்தார். இரண்டு வருடம் குடும்பம் எப்படியோ தாக்குப்பிடித்தது.

துறையின் ஆலோசனை அறைக்கு மாணவர்கள் ஏன் வருவதில்லை என்பதுதான் அவருடைய ஆய்வு. அறுபத்திரண்டு பேரிடம் கேட்டார். சுற்றி வளைத்து எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: அந்த அறையின் கதவு ஆசிரியர்களின் ஓய்வறைக்கு நேர் எதிரே இருக்கிறது. உள்ளே போனவருக்குக் காதல் தோல்வியா, வீட்டில் சண்டையா என்று, டீ ஆறுவதற்குள் ஓய்வறையில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அவர் அதை அப்படியே எழுதிவைத்தார்.

சிறந்த முதுகலை ஆய்வுக்கு அந்தத் துறையில் வருடம்தோறும் ஒரு பரிசு உண்டு. மறைந்த முன்னாள் தலைவரின் நினைவாக அவர் மனைவி ஏற்படுத்தியது. அந்த முறை தேர்வுக்குழு நாற்பத்தொரு வரைபடங்கள் கொண்ட ஓர் ஆய்வேட்டைத் தேர்ந்தெடுத்தது. குழுவின் மூன்று பேரில் ஒருவருக்கும் அது புரியவில்லை. ஆகவே ஆழமானது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

பரிசை ஏற்படுத்திய, ஓய்வுபெற்ற நர்சான அந்த அம்மா, "எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்புங்க, நானும் படிக்கிறேன்" என்றுவிட்டார். இதுவரை அப்படி ஒரு அபாயம் நேர்ந்ததில்லை. பத்தாம் நாள், ஃபார்ம் அக்காவின் ஏட்டோடு வந்து நின்றார்.

"இவங்களுக்குத்தான்."

தலைவர் நெளிந்தார். "அம்மா, அவங்க நம்ம ஆபீஸ்ல டைப் பண்றவங்க..."

"இருக்கட்டுமே. உங்க சார் முப்பது வருஷத்துல நான் சொன்னதை ஒரு தடவைகூட முழுசா கேட்டதில்ல. அவர் பேர்ல குடுக்குற பரிசாவது காது உள்ளவங்களுக்குப் போகட்டும்."

பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஃபார்ம் அக்காவின் விரல்கள் நின்றுவிட்டன. கண் கலங்கியது. ஆறுதல் சொல்ல அந்தத் துறையில் ஆளா இல்லை? ஒருவரும் வரவில்லை.

விழாவில் தலைவர் 'செவிமடுத்தலின் மகத்துவம்' பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். பரிசு பெற்றவருக்குப் பேச நேரமில்லாமல் போயிற்று. கதவு விஷயத்தை ஆராய ஐவர் குழு அமைக்கப்படும் என்ற அறிவிப்புக்குப் பலத்த கைதட்டல்.

மறுநாள் ஃபார்ம் அக்கா கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் அடித்தார்: ஆலோசனை அறையைப் பின்மாடிப்படி ஓரம் இருக்கும் காலி அறைக்கு மாற்றவும். மற்றக் கடிதங்களோடு அதையும் நீட்டினார். தலைவர் போனில் பேசியபடியே வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்.

ஐவர் குழு முதல்முறை கூடுவதற்குள், புதிய அறைக்குப் பதினேழு மாணவர்கள் வந்து போயிருந்தார்கள்.