கப்பல்காரன் வீட்டுப் பெண்கள்

பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிற கண்ணாடிக்கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. முதலாளி கண் பரிசோதிப்பார். மற்றதெல்லாம் அவள் பொறுப்பு. ஃபிரேம் எடுத்துக் காட்டுவது, லென்ஸை ஓரம் தேய்த்துப் பொருத்துவது, கடுகளவு திருகாணியை இடுக்கியால் பிடித்து முடுக்குவது, காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்று வருகிறவர்களுக்குக் கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பது. அந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் மூக்கு அவளுக்கு அத்துபடி. கண்ணாடிக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

வாயும் சும்மா இருக்காது. "எனக்குக் கண்ணு நல்லாத்தாங்க இருக்கு, பேப்பர்லதான் எழுத்தைச் சின்னதாக்கிட்டாங்க" என்பார் ஒருவர். "ஆமாங்க, உங்களுக்கு எதிரா எல்லாரும் சேர்ந்து சதி பண்றாங்க. இதைப் போடுங்க, முறியடிச்சிடலாம்" என்று அவர் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிடுவாள்.

அந்தக் கடைக்கு ஒருநாள் ஒருத்தன் வந்தான். துறைமுகத்திலிருந்து தீவுக்குப் போய்வரும் பயணிகள் கப்பலில் டீ கவுண்டர் பார்க்கிறவன். தூரத்து எழுத்து மங்குகிறது என்றான். முதலாளி சோதித்துப் பார்த்து, "தம்பி, உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல" என்று அனுப்பிவிட்டார். கொஞ்ச நாள் கழித்துத் தலைவலி என்று வந்தான். அப்புறம் தூசி விழுந்துவிட்டது என்று வந்தான். மறுபடியும் வந்து நின்றபோது அவளே கேட்டுவிட்டாள்.

"இப்ப எந்தக் கண்ணு?"

"ரெண்டும்தாங்க. கப்பல்ல இருக்கும்போது ரெண்டுலயும் நீங்கதான் தெரியறீங்க."

கடையே சிரித்துவிட்டது. முதலாளிதான் பேசி முடித்துவைத்தார்.

அவனுக்கு உறவென்று இருந்தது அம்மா மட்டும். தையல் மெஷினை மிதித்து மகனை ஆளாக்கியவள். எதற்கும் தீர்ப்புச் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. மகனே அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர் வைத்திருந்தான். மருமகள் வீட்டுக்கு வந்த முதல் நாளே தீர்ப்பு வந்தது: "சமையல் சுமார். சிரிப்பு நல்லா இருக்கு. வச்சுக்கலாம்."

மூன்று பேரும் இரண்டு அறை வீட்டில் இடித்துக்கொண்டும் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். அவன் கப்பலுக்குப் போன நாட்களில் மாமியாரும் மருமகளும் அவன் குறட்டையைப் பற்றிக் குறை சொல்லிச் சிரிப்பார்கள். வந்த நாட்களில் அந்தக் குறட்டை இருந்தால்தான் இருவருக்கும் தூக்கம் வரும்.

கப்பல் கவிழ்ந்தது ஒரு விடுமுறைக் காலத்தில். குடும்பம் குடும்பமாகத் தீவுக்குக் கிளம்பியிருந்தார்கள். ஏற்றக்கூடாத அளவுக்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள். காற்று பலமாக அடித்தது. நாடு முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்து அந்தச் சாய்ந்த கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூழ்கியது. கொடிகள் அரைக்கம்பத்தில் இறங்கின. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கேப்டனும் மேல்தட்டு அதிகாரிகளும் முதல் படகிலேயே ஏறித் தப்பிவிட்டார்கள் என்று விசாரணையில் தெரிந்ததும், அழுதுகொண்டிருந்த நாடு பல்லைக் கடித்தது. கப்பலில் வேலை பார்த்தவன் என்றாலே காறித் துப்பினார்கள்.

கீழ்த்தளத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தவனின் உடல் சில நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. கடைசி நேரத்தில் அவன் என்ன செய்தான், யாரையாவது கைதூக்கிவிட்டானா, பயந்து ஓடினானா என்று சொல்ல ஒரு ஆள் மிஞ்சவில்லை. அவனை அடக்கம் செய்த இடத்தில் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர்தான் இருந்தார்கள்.

அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒருநாள், கண்ணாடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு யாரோ காதில் ஏதோ சொன்னார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வேற யாராவது எடுத்துக் குடுங்க" என்றார். முதலாளி எழுந்து வந்து அந்த ஃபிரேமை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினார். "இந்தக் கடையில வேற யாரும் இல்லீங்க" என்றார். அன்று வியாபாரம் போனது. அவள் உள்ளே போய் லென்ஸ் தேய்க்கும் மெஷினைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது தீர்த்தாள்.

வருஷா வருஷம் அந்த நாளில் துறைமுகத்தில் நினைவுக் கூட்டம் நடக்கும். பெரிய பந்தல் போடுவார்கள். அமைச்சர் வருவார், டி.வி.க்காரர்கள் வருவார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் நெஞ்சில் அட்டை குத்திக்கொண்டு முன்னால் உட்காருவார்கள். ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். எல்லோரும் பூவைக் கடலில் போட்டுவிட்டுக் கலைவார்கள். வாசிக்கும் பெயர்களில் கப்பலில் வேலை பார்த்தவர்கள் பெயர் இருக்காது. அவர்கள் வீட்டாருக்கு அட்டையும் கிடையாது.

முதல் வருஷமே ஜட்ஜம்மா கிளம்பிவிட்டாள். "அத்தை, நம்மள யாரும் கூப்பிடலையே" என்றாள் மருமகள்.

"என் புள்ள செத்த எடத்துக்குப் போக எனக்கு எவன் பத்திரிகை வைக்கணும்?"

போனார்கள். பந்தலுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துகிற இடத்துச் சுவரோரமாக நின்றார்கள். எல்லோரும் போன பிறகு தண்ணீர் அருகே போய்த் தங்கள் பூவைப் போட்டார்கள். அடுத்த வருஷமும் அப்படித்தான். அதற்கடுத்த வருஷமும். வெயிலென்றால் ஒரு குடை, மழையென்றாலும் அதே குடை. ஜட்ஜம்மாவுக்கு முழங்கால் வலி வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள், ஆனால் வராமல் இருக்கவில்லை.

அப்படிச் சில வருஷங்கள் போன பிறகு, உடைந்த கண்ணாடியோடு ஒருவர் கடைக்கு வந்தார். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கு மேலே ஏறி வேலை பார்ப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, இறங்கி வந்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

"நல்லவேளை, லிஃப்டு மேல உட்காரல" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்து சிரித்தார். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அந்த வருஷம் துறைமுகத்தில் அவரைப் பார்த்தாள். நெஞ்சில் அட்டை இருந்தது. அவர் மனைவி அந்தக் கப்பலில் போனவர். வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பியவர் இவர்களைப் பார்த்து, "மேடம், நீங்களா? ஏன் இங்க நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்றார்.

"நாங்க கப்பல்காரங்க வீடு சார். அவர் டீ கவுண்டர்ல இருந்தாரு."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். "பாத்தியா" என்பதுபோல் ஜட்ஜம்மா மருமகளைப் பார்த்தாள். இனி அந்த ஆள் கடைப்பக்கம் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள் கண்ணாடிக்காரம்மா. நினைக்கும்போது கொஞ்சம் வலித்தது.

மறு வருஷம் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், இரு கையிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பந்தலிலிருந்து அவர் வெளியே வந்தார். ஒன்றை ஜட்ஜம்மாவுக்குப் போட்டார். இன்னொன்றை மருமகளுக்குப் போட்டார். தான் சுவரோரமாக நின்றார்.

"உள்ள ஒரே புழுக்கம்" என்றார்.

"கடற்கரையில என்னய்யா புழுக்கம்?" என்றாள் ஜட்ஜம்மா.

"அமைச்சர் செண்டு போட்டுக்கிட்டு வந்திருக்காரு பெரியம்மா. மூச்சு முட்டுது."

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவர் அங்கேதான் நின்றார். கண்ணாடியும் அடிக்கடி உடைந்தது. கடைக்கு வரும்போது ஜட்ஜம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வருவார். அந்தக் கிழவிக்கும் அவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. இவர் சொல்வதற்கு அவள் மறுத்துச் சொல்லாவிட்டால் இருவருக்குமே பொழுது போகாது. தன் மனைவியைப் பற்றி அவர் பேசுவார். "மூக்குக்கு மேல கோபம் வரும் அவளுக்கு. ஒரு தடவை தட்டைத் தூக்கி எறிஞ்சா. நான் குனிஞ்சேன். 'ஏன் குனிஞ்ச, தட்டு உடைஞ்சு போச்சு பாரு'ன்னு அதுக்கும் திட்டினா." சொல்லும்போதே சிரித்துவிடுவார். கண்ணும் கலங்கிவிடும்.

ஒரு வருஷம் சுவரோரமாக நின்று அவர் இந்தக் கதையை ஜட்ஜம்மாவுக்குச் சொல்லப்போக, மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பந்தலுக்குள்ளிருந்து, இறந்தவர்களின் குடும்பச் சங்கச் செயலாளர் வேகமாக வந்தார். பெயின்ட் கடைக்காரர். ஒரே மகனைப் பறிகொடுத்தவர். குடும்பங்களையெல்லாம் ஒன்று சேர்த்து, நஷ்டஈட்டுக்கும் நினைவிடத்துக்கும் அலையாய் அலைந்தவர் அவர்தான். கப்பல்காரர்கள் பெயர் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான்.

"சிரிக்கிற எடமா இது?" என்றார் மெக்கானிக்கைப் பார்த்து. "உன் சம்சாரத்தக் கொன்னவங்களோட நின்னு சிரிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் ஜட்ஜம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கிழவி இன்றைக்கு ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாள் என்றே மருமகள் நினைத்தாள்.

"உன் பையன் என்ன படிச்சான் தம்பி?" என்று கேட்டாள் ஜட்ஜம்மா.

அவர் எதிர்பார்க்கவில்லை. "காலேஜ்... கடைசி வருஷம்."

"டீ குடிப்பானா?"

"என்னது?"

"டீ. குடிப்பானான்னு கேட்டேன்."

செயலாளர் கடலைப் பார்த்தார். "மணிக்கொரு தடவை குடிப்பான். நாலு ஸ்பூன் சர்க்கரை போடுவான். அவங்கம்மா திட்டிக்கிட்டே இருப்பா."

"அப்ப அன்னிக்கும் குடிச்சிருப்பான். என் புள்ளதான் போட்டுக் குடுத்திருப்பான். என் புள்ள பெரிய வீரன்னு நான் சொல்ல வரல. அவன் கடைசியில என்ன பண்ணான்னு எனக்குத் தெரியாது. டீ போட்டான், செத்துப்போனான். அது மட்டும்தான் தெரியும்."

செயலாளர் திரும்பி நடந்தார். பந்தலுக்குள் போகாமல், பந்தலைத் தாண்டித் தண்ணீர் ஓரம் வரைக்கும் போய் நின்றார். அமைச்சர் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றிருந்தார்.

பல மாதம் கழித்து ஒருநாள் கண்ணாடிக்கடை வாசலில் செயலாளர் வந்து நின்றார். உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கி, செருப்புக்கடைச் செருப்புகளை விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவள்தான் வெளியே போய்க் கூப்பிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் பேரை முழுசா எப்படி எழுதணும்னு சொல்லுங்க" என்றார் அவளைப் பார்க்காமல். "தப்பா வாசிச்சா அந்தக் கிழவி என்னை உண்டு இல்லன்னு பண்ணிடும். செத்துப்போன மத்த வேலைக்காரங்க பேரும் விசாரிச்சுக்கிட்டிருக்கேன். சங்கத்துல பெரிய சண்டை. ரெண்டு மூணு குடும்பம் இனிமே வரமாட்டோம்னுட்டாங்க. பரவால்ல, நான் பாத்துக்கறேன்."

அவள் சொன்னாள். அவர் போவதற்கு முன்னால் அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் துடைத்து, தளர்ந்த திருகாணியை முடுக்கிக் கொடுத்தாள். இருவருக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று மாலை வீட்டில் சொன்னபோது ஜட்ஜம்மா தையல் மெஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டிருந்த தலையணை உறை மட்டும் கோணலாகப் போனது. அதைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

பிறகு, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தவள்போல், "அந்த லிஃப்டுக்காரன் எத்தன கண்ணாடி உடைச்சிட்டான்?" என்று கேட்டாள்.

"ஏன் அத்தை?"

"ஒரு மனுஷன் தெரியாம அத்தன கண்ணாடி உடைக்க முடியாது. இந்த வீட்டுக்கு வர்ற ஆம்பளைங்களுக்கு வேற வழியே தெரியாது போல. எல்லாம் கண்ணாடிக்கடை வழியாத்தான் வருவானுங்க."

"அத்தை, என்ன பேசறீங்க? நான் உங்களை விட்டுட்டு..."

"யாரு விடச் சொன்னா? நானும்தான் வருவேன். எனக்கு ஜன்னல் பக்கத்துல கட்டில் வேணும், அத மொதல்லயே சொல்லிடு." மெஷினை நிறுத்திவிட்டு மருமகளின் கன்னத்தைக் கையால் தொட்டாள். "என் மகனை நீ மறந்துடுவியோன்னு எனக்குப் பயம் இல்லம்மா. நீ மறக்கற ஜாதி இல்ல. எனக்கப்புறம் நீ தனியா நிப்பியேன்னுதான் பயம்."

மாமியாரின் மடியில் தலையை வைத்து அவள் அழுதாள். நூல் சிதறிய அந்த மடியில் ஒரு ஊசி இருந்தது, காதோரம் குத்தியது. "அழறதுக்கும் எடம் பாத்து அழு" என்றாள் ஜட்ஜம்மா.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் கண்ணாடிக்கடை முதலாளியும் ஜட்ஜம்மாவும். மாப்பிள்ளைக்கு என்ன உறவு என்று எழுத்தர் கேட்டதற்கு, "பொண்ணுக்கு மாமியாரு. இனிமே இவனுக்கும் நான்தான் மாமியாரு" என்றாள். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வருஷ நினைவு நாளில் மூன்று பேருக்கும் அட்டை வந்தது. கண்ணாடிக்காரம்மாவுக்குக் கிளம்பும்போதே, முதல் புருஷனுக்காக, இரண்டாம் புருஷனோடு, அவருடைய முதல் மனைவிக்காகவும் போய் உட்காருகிறோமே, ஊர் என்ன பேசும் என்று மனசு அடித்துக்கொண்டது. பந்தலுக்குள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டது உண்மைதான். ஒரு அம்மாள் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். ஆனால் இன்னொருவர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இங்க உட்காருங்க" என்றார்.

ஜட்ஜம்மாவுக்குக் கை நடுங்குவதால் அவள் மகனின் படத்தை மெக்கானிக் வைத்துக்கொண்டார். அவர் மனைவியின் படம் கண்ணாடிக்காரம்மா மடியில் இருந்தது. கோபக்காரி என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் தன் முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். 'உங்க ஆளு இப்பவும் கண்ட எடத்துல கண்ணாடிய வச்சிட்டுத் தேடறாரு' என்று மனசுக்குள் அந்தப் படத்திடம் சொன்னாள்.

பெயர்களைச் செயலாளரே வாசித்தார். கடைசியில் வேறொரு தாளை எடுத்து, கப்பலில் வேலை பார்த்து இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்.

"சொல்லிட்டானா?" என்று பந்தலே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள் ஜட்ஜம்மா. அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டாங்க அத்தை."

"சரியா சொன்னானா?"

"சரியா சொன்னாங்க."

கிழவி தலையை ஆட்டினாள். நெடுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். மெக்கானிக் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல இடம் கிடைத்தது. ஜட்ஜம்மா நடுவில் உட்கார்ந்து, பஸ் கிளம்பிய சூட்டோடு மெக்கானிக்கின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிப்போனாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கண்ணாடிக்காரம்மா எழுப்பக் கையை நீட்டினாள். "பாவம், தூங்கட்டும்" என்று அவர் கண்ணாலேயே சொன்னார். பஸ் அவர்கள் தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வர வேறு பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று அவளும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.