அப்பாவின் காதும் நீலக் கண்டென்சரும்

வோல்ட்மீட்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு இயற்பியல் ஆய்வகம். மின்சாரம் போகும் வழியில் கண்டென்சர் என்ற மின்தேக்கி ஒன்றை வைத்து, எந்தத் தொனி அதைத் தாண்டுகிறது, எது தாண்டவில்லை என்று அளந்து வரைபடம் போட வேண்டும். மேல் தொனிகள் சுலபமாகத் தாண்டின. கீழே வரவர முள் படுத்துவிட்டது. சிறிய கண்டென்சராக மாற்றினால் இன்னும் சீக்கிரமாகப் படுத்தது.

"ரீடிங் சொல்லுடி, பேனா காயுது" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஆம்பிளிபயர் கண்முன் வந்து நின்றது. கெட்டுப்போனது அப்பாவின் காது இல்லை என்று அந்த நொடியில் தோன்றியது.

அப்பாவுக்கு ஒரு கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஆனால் யார் கேட்டாலும் முதலில் சொல்வது, எங்கள் கோயில் பாடகர் குழுவில் பேஸ் பாடுகிறேன் என்பதைத்தான். நான்கு குரல்களில் ஆகக் கீழே ஓடும் குரல் அது. வீட்டில் ஆண்கள் மட்டுமே பாடும் ஞானப்பாட்டு ரெக்கார்டு ஒன்று உண்டு. ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் அதைப் போட்டு, கீழ்க்குரலோடு சேர்ந்து முனகுவார். அந்த வருஷம் அந்தக் கீழ்க்குரல் அவருக்குக் கேட்காமல் போயிற்று.

அம்மாவைக் கேட்டார். தனக்கு என்றைக்கும் மேலே பாடுகிறவர்கள் மட்டும்தான் கேட்பார்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. காதுக்குச் சொட்டு மருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு குழுவோடு நிற்கும்போதும் சந்தேகம் வந்து, வாயை மட்டும் அசைக்கத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கும் சனிக்கிழமை சாயங்காலம், குழுவை நடத்தும் கொயர் மாஸ்டரைப் பார்த்து விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவதாக முடிவு. கேட்காத குரலைப் பாடுவது ஏமாற்று வேலை என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு ரேடியோ கடைக்காரர் தகரப் பெட்டிக்குள் கட்டித் தந்த டிரான்சிஸ்டர் ஆம்பிளிபயர்தான் அந்த ரெக்கார்டின் சத்தத்தைப் பெருக்கித் தந்தது. மேற்கு ஜன்னல் ஓரத்தில் இருந்தது; சாயங்கால வெயில் முழுக்க அதன் தலையில்தான். கண்டென்சருக்குள் இருக்கும் ஈரம் காய்ந்தால் அதன் கொள்ளளவு குறையும் என்று பாடப்புத்தகம் சொன்னது. குறைந்தால் கீழ்த் தொனி படுத்துவிடும் என்று முள் சொன்னது. பிறகென்ன?

அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் துளை வழியாக டார்ச் அடித்துப் பழைய கண்டென்சர்களின் அளவைப் படித்துக்கொண்டேன். மறுநாள் கல்லூரி விட்டதும் நேரே ரேடியோ சாமான் விற்கும் ரிச்சி தெரு. பழசுக்குப் பழசு என்று மாற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. வரைபடத்தின்படி பெரியதைப் போட்டால் இன்னும் கீழே கேட்க வேண்டும். இரண்டு மடங்கு அளவில் இரண்டு கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். "இன்னாமா, இம்மாம் பெருசு? வூட்ல சினிமா கொட்டாய் நடத்திக்கினு கீறியா?"

"இனிமேதான் நடத்தப் போறேன்" என்றேன்.

சனிக்கிழமை மதியம் பெட்டியைக் கூடத்துக்கு நடுவில் வைத்தேன். பெண்பிள்ளை கரண்டில் கை வைக்கலாமா என்று அம்மா ஆரம்பித்தாள். பிளக்கைப் பிடுங்கி அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்து எட்டிப் பார்த்தார். "டாக்டர் என் காதக் கழட்டுவார்னு பயந்தேன். நீ பெட்டியக் கழட்டுற."

மூடியைத் திறந்ததும் குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று துள்ளினேன். டிரான்ஸ்பார்மரை ஒட்டி நின்ற கண்டென்சரின் தலை பூரி போல உப்பியிருந்தது. அதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்து ரெக்கார்டைப் போட்டேன்.

"ஃபேன் சத்தம் நின்னுடுச்சே" என்றாள் அம்மா. இத்தனை வருஷமாக ஃபேன் என்று நினைத்தது ஆம்பிளிபயரின் இரைச்சல். அது அடங்கிவிட்டது. கீழ்க்குரல் மட்டும் வரவில்லை.

அப்பா எழுந்து சட்டையை எடுத்தார். "பயிற்சிக்கு நேரமாச்சு. போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் இருங்கப்பா."

உப்பிய தலையைப் பார்த்ததில் ஆய்வகத்தையே மறந்திருந்தேன். அங்கே கண்டென்சர் நின்றது தொனி போகும் வழியின் குறுக்கே; உப்பியது நின்றதோ மின்சாரம் உள்ளே வரும் பக்கம். ஸ்பீக்கர் ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். குறுக்கே ஒரு நீலக் கண்டென்சர். உப்பல் இல்லை, கசிவு இல்லை, நேற்று வாங்கியது போன்ற பளபளப்பு. குற்றவாளி அகப்பட்டதும் இதைத் தொட வேண்டாம் என்று விட்டிருந்தேன். கழற்றினேன். புதியது அந்த இடத்தில் நிற்க மறுத்தது, அவ்வளவு பருமன். படுக்கவைத்து, அம்மாவின் தையல் மிஷின் நூலால் கட்டி, பிளஸ் மைனஸை மறுபடி சரிபார்த்துப் பற்றவைத்தேன். அப்பா செருப்பை மாட்டியாகிவிட்டது.

முள் ரெக்கார்டில் இறங்கியது. முதல் வரியிலேயே வந்தார்கள், அந்தக் கீழ்க்குரல்காரர்கள், இத்தனை நாள் பக்கத்து அறையில் காத்திருந்தவர்கள் போல. அதற்கும் கீழே இன்னொன்று. குரல் இல்லை, ஆர்கனின் அடித்தொனி. அலமாரிக் கண்ணாடி சன்னமாக நடுங்கியது. அம்மா ஓடிப்போய் அதன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா வாசற்படியிலேயே நின்றார். "இந்த ஆர்கன் இதுக்கு முன்னாடி இருந்துச்சா?"

"ரெக்கார்டுல இருந்துச்சுப்பா. நம்ம வீட்லதான் இல்ல."

இரண்டாவது சரணத்தில் அவர் பாடத் தொடங்கினார். முனகல் இல்லை, முழுக்குரல். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்குத் தெருவையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. பாட்டு முடிந்ததும் தாமதமாகிவிட்டது என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தார். விலகுகிறவருக்குப் பாட்டுப் புத்தகம் எதற்கு என்று அம்மா கேட்டது அவர் காதில் விழவில்லை.

திரும்பி வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நம்ம கோயில் மைக் செட்டக் கவனிச்சிருக்கியா? ஐயர் பிரசங்கம் பண்றது எங்கேயோ தகர டப்பாக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. அவர் தொண்டைதான் சரியில்லன்னு எல்லாரும் மிளகுப் பால் குடுத்துக்கிட்டு இருக்காங்க."

மைக் அறைச் சாவி, கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளையிடம் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை வாங்கித் தருவதாக அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த முறை உப்பிய தலைகளை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.