பேனாக் கோட்டுக்குள்

மகள் பிறந்து எட்டாம் நாள் காலை உடுப்பு மாற்றும்போது அவளுடைய தொப்புளிலிருந்து ஒரு கெட்ட வாடை வந்தது. காய்ந்து கருத்திருந்த கொடியின் அடியில் சீழ். சுற்றிலும் தோல் சிவந்து சுட்டது. பாலுக்கு நேரமாகியும் அவள் அழவில்லை. அதுதான் என்னைக் கலங்க வைத்தது.

கணவர் ஸ்பெயினுக்கு லொறி கொண்டுபோயிருந்தார். திரும்ப ஐந்து நாளாகும். லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம்தான். கூப்பிட ஒருவரும் இல்லை. மருத்துவச்சிக்குப் போன் எடுத்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். பிரசவத் தையல் வலியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன்.

டொக்டர் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். அதைத் தாண்டிப் பரவுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். கொடியில் ஏதாவது பூசினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய். கனடாவிலிருக்கும் மச்சாள் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் தேங்காய் எண்ணெய் பூசியிருந்தேன். சொன்னால், பார்க்கத் தெரியாதவள் என்று இந்த நாட்டு அரசாங்கம் பிள்ளையைப் பறித்துவிடுமோ என்று பயம்.

சின்னக் கையில் ஊசி ஏற்றி மருந்து விட்டார்கள். எங்களுக்குத் தனியறை. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்த அம்மா ஒருவர், நான் கணவரோடு போனில் தமிழில் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும்.

"யாழ்ப்பாணமோ, பிள்ளை?"

"ஓம்" என்றதும் அழுகை வந்துவிட்டது. எண்ணெய் விஷயத்தை அவரிடம் கொட்டினேன்.

"எனக்குச் சொல்லி என்ன? டொக்டரிட்டைச் சொல்லும். ஒருத்தரும் பிள்ளையைப் பறிக்க மாட்டினம். நான் நிக்கிறன்."

தட்டுவண்டியை வாசலில் விட்டுவிட்டு, டொக்டர் வரும்வரை பக்கத்தில் நின்றார். டொக்டர் கோபிக்கவில்லை. மருந்து இதேதான், இனி ஒன்றும் பூசாமல் உலர விடுங்கள் என்றார்.

அந்த அம்மாவை அதற்குப் பிறகு நான் காணவில்லை. அடுத்த நாள் வேறொருவர் தட்டு எடுக்க வந்தார். பகல் முழுவதும் மருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, கண் திறக்காத பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தோலின் சிவப்பு, பேனாக் கோட்டிலிருந்து ஒரு விரலளவு உள்ளே போயிருந்தது. அன்று அவள் பாலுக்குக் கத்தினாள். நான் சிரித்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் கணவர் வந்து எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

"சரியாப் பயந்திட்டியோ?"

நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். டாக்ஸி வரை வந்திருப்பேன், கதிரையிலேயே தூங்கிவிட்டார். அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவரை எழுப்ப மனம் வரவில்லை. மீதியை அவருக்கு நான் சொன்னதேயில்லை.