பாஷாணம் வேண்டாம் என்றேன்

இதைச் சபையின் முன்னால் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வெட்கம்தான் காரணம். இன்றைக்கும் சொல்லாவிட்டால் நெஞ்சு தாங்காது, கேளுங்கள்.

போன வருடம் லெந்து என்னும் தவக்கால நாட்களில் என் மகள் எஸ்தருக்கு உடம்பெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. பல் துலக்கினால் ரத்தம். இருபத்தாறு வயது, செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் வேலை. பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். என் மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண். எதையும் ஒளிக்கவில்லை.

"அங்கிள், இது குணமாகக்கூடிய வகைதான். ஆனா உடனே ஆரம்பிக்கணும். மாத்திரையோட ஆர்செனிக் ஏத்தணும். தமிழ்ல பாஷாணம்னு சொல்வோமே, அதான். அந்தக் காலத்துலயே ரத்தப் புற்றுநோய்க்கு இதைக் கொடுத்திருக்காங்க. இப்ப சுத்தமாக்கி அளந்து கொடுக்குறோம்."

பாஷாணம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் டுரியான் துங்கால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா லாலான் என்ற களைப்புல்லைக் கொல்லப் பாஷாணம் அடிக்கும் வேலையில் இருந்தார். அதைக் கலக்கிய தகரத்தில் மிஞ்சிய தண்ணீரை என் தங்கை செல்வி ஐந்து வயதில் குடித்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அந்த விஷத்தை என் பிள்ளைக்கு ஏத்த விடமாட்டேன்லா!" என்று கத்தினேன். டாக்டர் எவ்வளவோ கெஞ்சினார். நான் எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரன் என்று உங்களுக்கே தெரியும். எஸ்தர் என் பேச்சைத் தட்டாதவள். சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னோடு சுங்கை ரம்பாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, விஷமில்லாமல் சுகம் தாரும்" என்பதே என் ஜெபம். அதை விசுவாசம் என்று நினைத்தேன். உண்மையில் அது பயம்.

மூன்றாம் நாள் காலையில் அவள் மூக்கிலிருந்து வந்த ரத்தம் நிற்கவில்லை. "அப்பா, இடது கண்ணு தெரியலப்பா" என்றாள். ஐயோ, என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். விஷமில்லாமல் என்று கேட்டதெல்லாம் மறந்துபோய், "ஆண்டவரே, நான் என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கதறினேன்.

எஸ்தர் என் கையைப் பிடித்தாள். "செல்வி அத்தையக் காப்பாத்த அன்னைக்கு யாரும் இல்லப்பா. எனக்கு டாக்டர் இருக்காங்க. கொண்டு போங்கப்பா."

அதுதான் என் ஜெபத்துக்கு வந்த பதில்.

காரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. திட்டுவார் என்று நினைத்த டாக்டர் உடனே அவளைக் கட்டிலில் படுக்கவைத்து மருந்தை ஆரம்பித்தார். வாரக்கணக்கில் அந்தப் பாஷாணம் சொட்டுச் சொட்டாக என் மகளுக்குள் இறங்கியது. இதயத் துடிப்பைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இயேசுவே, இயேசுவே" என்றபடி இருந்தேன்.

கர்த்தர் அவளைத் திருப்பித் தந்தார். ரத்தத்தில் இப்போது நோய் இல்லை. ஆனால் இடது கண்ணின் பார்வை திரும்பவில்லை. சில நேரம் குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டு அவளே சிரிக்கிறாள். எனக்குச் சோறு இறங்குவதில்லை. எழுந்து வெளியே போய்விடுகிறேன். அவள் மன்னித்துவிட்டாள். என்னால்தான் முடியவில்லை.

பிரியமானவர்களே, ஜெபத்தை விடாதீர்கள். அவர் கேட்கிறார், அதற்கு நானே சாட்சி. ஆனால் உங்கள் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால், அவளை வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே முழங்கால் போடுங்கள். அவர் அங்கே நமக்கு முன்பே வந்திருக்கிறார்.