முகம் கலங்காத படம்

எங்கள் கடை வரிசையில் வீடியோ கடை வைத்திருப்பவளைப் பொட்டியக்கா என்றுதான் கூப்பிடுவோம். போனில் ஓடாத வீடியோவை யார் கொண்டுவந்து நீட்டினாலும், "உள்ள இருக்கற படம் நல்லாதான் இருக்கு, பொட்டிதான் சேரல. வேற பொட்டிக்கு மாத்தித் தர்றேன்" என்பாள். பெட்டி என்றால் கோப்பின் வகை; எம்கேவி எம்பி4 ஆகிவிடும். படத்தில் ஒரு புள்ளி குறையாது. சில அவசரக்குடுக்கைகள் படத்தையே பிழிந்து புதிதாக எழுதிக் கொடுப்பார்கள், முகமெல்லாம் கூழாகிவிடும். அவர்களைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்பாள்.

ஒரு மதியம், கிடங்குத் தொழிலாளி ஒருவரின் மனைவி பென்டிரைவோடு வந்தாள். மேற்பார்வையாளன் இரும்புக் கம்பியால் அடித்ததில் கணவருக்கு ஒரு கண் போய்விட்டது. கிடங்குக் கேமராவில் பதிவானது காவல் நிலையக் கணினியில் திறக்கவில்லை. அக்கா ஓட்டிப் பார்த்தாள். கம்பியோடு நின்றவன் அவளுடைய தம்பி.

யார் போட்டுக்கொடுத்தார்களோ, அவள் பார்த்து முடித்ததும் அவனே வந்து நின்றான்.

"அழிக்க வேணாம்க்கா. தரத்தைக் கொறைச்சு மாத்திக் குடு. மூஞ்சி தெரியாது, உம்மேலயும் பழி வராது. ஏதோ கோவத்துல அடிச்சிட்டேன்."

"ஒரு கண்ணு போயிருக்குடா. முடியாது."

அவள் தலைமுடியைப் பிடித்து மேஜையில் மோதினான். பல் தெறித்துக் கீபோர்டில் விழுந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். விலாவில் விட்டான் ஓர் உதை. எழுந்து பார்த்தால், அக்காவின் வலதுகையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைகிறான். படுபாவி, கூடப் பிறந்தவளை! தெருவே திரண்ட பிறகுதான் ஓடினான்.

அக்கா இடதுகையால் மவுஸைப் பிடித்தாள். படத்தைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றினாள். இமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

"மூஞ்சி தெளிவா இருக்கு, எடுத்துட்டுப் போம்மா" என்றாள். வாயெல்லாம் ரத்தம்.

புகார் கொடுக்க அக்காவை நான் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவளுடைய அம்மா வந்தாள். வந்ததும் வராததுமாக மகளின் கன்னத்தில் அறைந்தாள்.

"பெத்த வயிறு எரியுதுடி! தம்பியாச்சேன்னு கொஞ்சம் கலக்கி விட்டிருந்தா கொறைஞ்சா போயிடுவ? கோவத்துல அடிச்சிட்டான், அவ்வளவுதானே?"

காவலர் வீடியோவை ஓட்டினார். கம்பி மேலே போனது, இறங்கியது, மறுபடி மேலே போனது. அம்மா திரையருகே போய் மகனின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"இவன் சிரிக்கிறான்டி. அடிக்கறப்ப சிரிக்கிறான்."

அக்கா அதைக் கடையிலேயே பார்த்திருந்தாள்.